கண்ணீருக்கு நடுவே ஒரு கையொப்பம்

நம் சாவு வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. துக்கத்தில் இருப்பவரிடம் யாரும் எதையும் முடிவு செய்யச் சொல்வதில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அக்கம்பக்கத்தார் சோறும் காப்பியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பந்தலை ஒருவர் கவனித்துக்கொள்கிறார். மயானத்திற்கு நேரம் குறிப்பதை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். தந்தைக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பது, தாய்க்கு இளைய மகன் வைப்பது, பதினாறாம் நாள் கருமாதி என்று எல்லாம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது. அழுதுகொண்டிருப்பவர் எழுந்து நின்று, சொன்னதைச் செய்தால் போதும். தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பெற்றோர் இதற்கும் ஒரு படி மேலே போய், மாதந்தோறும் சில வெள்ளி போட்டு மரண சகாய நிதி என்ற ஒன்றையும் நடத்தி வந்தார்கள். சவப்பெட்டிக்குப் பணம் தேடி அலையும் வேலைகூடத் துக்கப்படுபவருக்கு இருக்கக்கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

இதையெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்குவோர் உண்டு. சற்றே யோசித்தால் இதில் மனித மனத்தைப் பற்றிய ஆழ்ந்த அறிவு இருப்பது விளங்கும். பெருந்துயரில் மனம் தன் வழக்கமான வேலையைச் செய்யாது. ஆகவே அந்த நேரத்திற்குரிய முடிவுகளைத் துயரமில்லாத காலத்திலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். சடங்கு என்பது ஒரு வகையில் முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவுகளின் தொகுப்பு எனலாம்.

ஆனால் நம் முன்னோர் வகுத்து வைக்காத கேள்வி ஒன்று இக்காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் காலத்தில் அப்படி ஒரு கேள்வி எழவே வழியில்லை. மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நிற்கும் தாய் தந்தையரிடம், உங்கள் மகனின் மூளை இறந்துவிட்டது, அவருடைய இதயமும் கல்லீரலும் சிறுநீரகங்களும் பிறருக்கு உயிர் கொடுக்கும், கொடுக்கச் சம்மதமா என்று கேட்கப்படும் கேள்வி அது. பதில் சில மணி நேரத்திற்குள் வேண்டும். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் சந்திக்கும் அறக்கேள்விகளில் இதைவிடக் கடினமானவை அதிகமில்லை. அது கேட்கப்படும் நேரமோ, அவரால் எதையும் யோசிக்க இயலாத நேரம். அந்த நேரத்தில் துக்கம் மனிதனின் முடிவை என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புக்கிட் தெங்காவில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. சுற்றிலும் ஜூரு, பிறை, புக்கிட் மெர்தாஜம் என்று தொழிற்பேட்டைகள். வேலை மாறும் நேரங்களில் நம் பிள்ளைகள் லோரிகளுக்கு இடையில் மோட்டார் சைக்கிளில் புகுந்து போவதைத் தினமும் பார்க்கிறோம். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தலையில் அடிபட்டு, உடலின் மற்ற உறுப்புகள் நலமாக இருக்க மூளை மட்டும் இறந்துபோகும் இளைஞர் என்பது ஏதோ ஒரு தூர தேசத்துச் செய்தி அன்று.

உடல் சூடாக இருக்கையில்

முதலில் மூளைச்சாவு என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். மனிதகுலம் தோன்றிய நாள்முதல் மூச்சும் இதயத் துடிப்பும் நின்றால்தான் சாவு. 1950களில் சுவாசக் கருவிகள் பரவலாக வந்த பிறகு ஒரு புதிய நிலை உண்டாயிற்று. மூளை முழுவதும் அழிந்துபோன பின்னும், கருவி காற்றைச் செலுத்திக்கொண்டிருக்கும் வரை இதயம் சில காலம் துடிக்கிறது. 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் குழு ஒன்று இந்த நிலையை வரையறுத்து, இது மீளாத நிலை என்று கூறியது. அதன் பிறகு பல நாடுகள் இதைச் சாவாகவே ஏற்றுக்கொண்டன.

இதைக் கோமா என்று எண்ணுவது தவறு. கோமாவில் மூளை உயிரோடு இருக்கிறது, மீண்டவர்களும் உண்டு. மூளைச்சாவில் மீண்டவர் இல்லை. அதை உறுதி செய்யும் முறையும் கடுமையானது. கண்மணியில் ஒளி பாய்ச்சிப் பார்க்கிறார்கள். காதில் குளிர்ந்த நீர் விட்டுப் பார்க்கிறார்கள். தொண்டையில் குழாயை அசைத்து இருமல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். இறுதியில், ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டிருக்கும்படி செய்து, சுவாசக் கருவியைச் சில நிமிடங்கள் நிறுத்தி, மூச்சு தானாக எழுகிறதா என்று காத்திருக்கிறார்கள். உறுப்பு மாற்றுக் குழுவில் சம்பந்தப்படாத நிபுணர்கள், இடைவெளி விட்டு இரு முறை இச்சோதனைகளைச் செய்த பிறகே சாவு என்று அறிவிக்கிறார்கள்.

இவ்வளவும் காகிதத்தில் படிக்கும்போது விளங்குகிறது. கட்டிலருகே நிற்கும் தாய்க்கு இவற்றில் ஒன்றும் விளங்காது. அவள் பார்ப்பது ஏறி இறங்கும் மார்பு. தொட்டால் கை சூடாக இருக்கிறது. கருவியின் திரையில் கோடு துள்ளுகிறது. நம் மரபில் சாவு என்பது குளிர்ந்த உடல். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய உடல். அந்த அடையாளம் எதுவுமின்றி, வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் சொல்லும் சொல்லை மட்டும் நம்பி தன் பிள்ளை இறந்துவிட்டான் என்று அவள் ஏற்கவேண்டும். ஏற்றுக்கொண்ட அதே மணி நேரத்தில் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். படித்தவரா படிக்காதவரா என்பது இங்கே அவ்வளவாகப் பொருட்டில்லை.

அர்ச்சுனனின் சபதமும் திரௌபதியின் சொல்லும்

துக்கத்தில் எடுத்த முடிவு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அர்ச்சுனன். பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள் மாலை அவன் பாசறைக்குத் திரும்புகிறான். வழக்கமாக எதிரே ஓடிவரும் மகன் அபிமன்யுவைக் காணவில்லை. செய்தி கேட்கிறான், விழுகிறான், எழுகிறான், எழுந்த அக்கணமே சபதம் செய்கிறான். நாளைச் சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லையேல் தீயில் இறங்குவேன் என்கிறான். வீரம் மிகுந்த பேச்சுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் பாண்டவர் சேனை முழுவதும் ஒரு தந்தையின் துக்கத்தோடு கட்டப்பட்டுவிட்டது. கௌரவர்களுக்கு வேலை எளிதாயிற்று. ஜயத்ரதனை ஒரு பகல் ஒளித்து வைத்தால் போதும், அர்ச்சுனன் தானே மடிவான். என்னைக் கலந்துகொள்ளாமல் இவ்வளவு பெரிய சுமையைத் தூக்கிவிட்டாயே என்ற பொருளில் கண்ணன் அவனைக் கடிந்துகொள்வதாக வியாச பாரதத்தின் துரோண பர்வம் சொல்கிறது. கண்ணன் மட்டும் உடன் இல்லாவிட்டால் பதினான்காம் நாளோடு போர் முடிந்திருக்கும்.

அர்ச்சுனனிடம் அறிவுக்குக் குறைவில்லை. கீதையைக் கேட்டவன். ஆனாலும் அந்த மாலையில் அவனுக்கு நாளை என்பது ஒன்று மட்டுமே தெரிந்தது. நாளை மறுநாள் தெரியவில்லை. துக்கத்தின் முதல் வேலை இதுதான். அது காலத்தைச் சுருக்கிவிடுகிறது. அடுத்த வாரம், அடுத்த ஆண்டு என்பவை மறைந்து இந்தக் கணம் மட்டும் மிஞ்சுகிறது. மருத்துவமனையில் பல குடும்பங்கள் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுவதற்கு இதுவே பெரும் காரணம். வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கணத்தில் எதுவும் மாறுவதில்லை. கட்டில், கருவி, சூடான கை எல்லாம் அப்படியே இருப்பதுபோல் தோன்றுகிறது. மறுத்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் பின்னாளில் அதற்காக வருந்துவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இரண்டாவது வேலை, குற்ற உணர்ச்சி. மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்த தந்தை, அன்று காலை பிள்ளையைக் கோபித்துக்கொண்ட தாய், இவர்களுக்குப் பிள்ளையைக் காக்கத் தவறிவிட்டோம் என்ற எண்ணம் தலைதூக்கி நிற்கும். சம்மதித்தால் இன்னொரு முறை கைவிட்டதாகும் என்று நினைக்கிறார்கள். கத்தி படாமல் காப்பதே மீதியிருக்கும் ஒரே கடமை என்று தோன்றுகிறது. மூன்றாவது, கோபம். லோரிக்காரன் மீது, தாமதமாக வந்த ஆம்புலன்ஸ் மீது, சில வேளைகளில் கடவுள் மீது. அந்தக் கோபத்திற்கு எதிரே கேள்வி கேட்க வந்து நிற்பவர் மருத்துவமனை ஊழியர். பழியும் அவர் தலையில் விழுகிறது.

இனி மற்றொருத்தியைப் பார்ப்போம். தந்தை துரோணரை இழந்த துக்கத்தில் வெறிகொண்ட அசுவத்தாமன், இரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து புதல்வர்களையும் வெட்டிச் சாய்க்கிறான். அவனும் துக்கப்பட்டவனே என்பதை மறந்துவிடக்கூடாது. வியாச பாரதத்தில் திரௌபதி அவன் தலையிலிருக்கும் மணியைக் கேட்டு உண்ணாமல் கிடக்கிறாள். பாகவதத்திலோ கதை வேறு விதமாகப் போகிறது. அர்ச்சுனன் அவனைக் கட்டியிழுத்து வந்து அவள் முன் நிறுத்துகிறான். ஐந்து பிள்ளைகளை இழந்தவள், அவனை விட்டுவிடச் சொல்கிறாள். நான் அழுவதுபோல் இவனைப் பெற்றவளும் அழ வேண்டுமா என்பதே அவள் கேட்பதன் சாரம்.

அதே துக்கம்தான். அர்ச்சுனனை அது ஓர் அறைக்குள் பூட்டியது. திரௌபதிக்கு அது அடுத்த வீட்டுத் தாயின் முகத்தைக் காட்டியது. துக்கம் மனிதனைக் கொடியவனாக்கும் என்றோ, உயர்ந்தவனாக்கும் என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. பிறர் துக்கத்தை அது நினைவூட்டுகிறதா மறைத்துவிடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திருக்கழுக்குன்றத்துச் சிறுவன்

இதிகாசம் போதும். நம் காலத்தில், நம் மொழி பேசும் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், சென்னைக்கு அருகிலுள்ள திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவன் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டான். பெற்றோர் டாக்டர் அசோகன், டாக்டர் புஷ்பாஞ்சலி, இருவரும் மருத்துவர்கள். சென்னையில் சிகிச்சை அளித்தும் பயனின்றி மூளைச்சாவு அறிவிக்கப்பட்டது. பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுக்க முடிவு செய்தனர். இதயம் பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கு. தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை, போலீசார் சாலைகளை நிறுத்தி வழிவிட, நெரிசல் மிகுந்த அந்தச் சென்னைச் சாலையில் 11 நிமிடங்களில் இதயம் போய்ச் சேர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. பிற்பாடு இதே போன்ற கதையோடு மலையாளத்தில் 'டிராஃபிக்' (2011) என்ற படமும், தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' (2013) என்ற படமும் வந்தன. அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஊரெல்லாம் அந்த 11 நிமிடங்களைப் பேசிற்று. பேசவேண்டியதுதான். ஆனால் அந்த வண்டி புறப்படுவதற்கு முன்னால் கழிந்த மணி நேரங்களே நம் பொருளுக்கு வேண்டியவை. அவர்கள் டாக்டர்கள், அதனால் முடிந்தது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் பாதி உண்மை. மூளைச்சாவு என்றால் என்ன என்பது அவர்களுக்கு முன்னமே தெரியும். துக்கத்தின் நடுவே முதல் பாடத்திலிருந்து படிக்கத் தேவையில்லை. மார்பு ஏறி இறங்குவது கருவியின் வேலை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மீதிப் பாதிக்குப் படிப்பு உதவாது. பெற்ற பிள்ளையின் கட்டிலருகே மருத்துவர் என்று யாரும் இல்லை. தாயும் தந்தையும்தான் இருக்கிறார்கள்.

அந்த ஒரு முடிவின் பலன் பெரிது. அதே 2008இல் தமிழக அரசு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானத்தை முறைப்படுத்த அரசாணைகள் பிறப்பித்திருந்தது. விதி இருந்தது; மக்களிடம் பேச்சு இல்லை. ஹிதேந்திரனுக்குப் பிறகு பேச்சு வந்தது. ஆட்டோ ஓட்டுநர் வீட்டிலும் கட்டட வேலையாள் வீட்டிலும், அந்தப் பையன் வீட்டில் செய்ததுபோல் என்று சொல்ல ஓர் உதாரணம் கிடைத்தது. முன்னுதாரணம் இல்லாத இடத்தில் முதலில் ஒருவர் நடந்து காட்டினால் அது ஒற்றையடிப் பாதையாகிவிடுகிறது அல்லவா? இன்று இந்தியாவில் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தானம் செய்வதில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களுள் ஒன்று தமிழ்நாடு. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சாதாரணக் குடும்பத்து இளைஞரின் உடலுக்கு அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு இது சிறிய ஆறுதல் அன்று. தாம் செய்தது சரி என்று ஊர் கூடி நின்று சொல்வதாக ஆகிறது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்லவும் மாட்டேன். அதே சென்னையில் வில்லிவாக்கம் பகுதி ஒரு காலத்தில் ஏழைகள் சிறுநீரகம் விற்ற இடம் என்று பெயர் கெட்டது. அந்த வியாபாரத்தைத் தடுக்கவே 1994இல் இந்தியச் சட்டம் வந்தது. பின்னாளில், 2018 வாக்கில், தானமாக வந்த இதயங்கள் வெளிநாட்டு நோயாளிகளுக்குப் போகின்றன என்ற புகாரும் எழுந்தது. ஆகவே சந்தேகப்படும் குடும்பத்தை அறியாமை என்று ஏசுவது நியாயமாகாது. கேட்பவர் முதலில் நம்பிக்கைக்கு உரியவராக இருக்கவேண்டும்.

உலகின் முதல் இதய மாற்றிலும் இப்படி ஒரு தந்தை இருந்தார். 1967 டிசம்பர் 2ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், கேக் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்த தாயும் மகளும் கார் மோதி விழுந்தனர். தாய் இறந்துவிட்டார். 25 வயது மகள் டெனிஸ் டார்வாலுக்கு மீள வழியில்லை என்று மருத்துவர்கள் கூறினர். தந்தை எட்வர்டு டார்வால் ஒரே நாளில் மனைவியையும் மகளையும் இழந்து நிற்கையில் அவரிடம் இதயத்தைக் கேட்டார்கள். அவர் எடுத்துக்கொண்டது நான்கு நிமிடங்கள் என்று சொல்வார்கள். அந்த நான்கு நிமிடங்களில் அவர் நினைத்துப் பார்த்தது தம் மகளின் கொடுக்கும் குணத்தைத்தானாம். இதயம் பெற்ற லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாள் வாழ்ந்தார். டெனிஸின் சிறுநீரகம் ஒன்று 10 வயதுக் கலப்பினச் சிறுவனுக்குப் போயிற்று. நிறவெறிச் சட்டம் கோலோச்சிய நாட்டில்!

அந்தத் தந்தை தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வியைக் கவனியுங்கள். எனக்கு இது தாங்குமா என்று கேட்கவில்லை. அவள் இருந்தால் என்ன செய்வாள் என்று கேட்டுக்கொண்டார். முன்னதற்குத் துக்கத்தில் விடை கிடைக்காது, எதுவுமே தாங்காது. பின்னதற்கு விடை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. 25 ஆண்டுகள் உடன் வாழ்ந்து சேர்த்த விடை.

கண்தான முகாம்களில் பேச வருபவர்கள் தவறாமல் கண்ணப்ப நாயனாரைச் சொல்கிறார்கள். முதுகெலும்பைக் கொடுத்த ததீசி முனிவரையும் சொல்வார்கள். சொல்லட்டும், கேட்க இனிமையே. ஆனால் கண்ணப்பர் கொடுத்தது தம் கண்ணை. ததீசி கொடுத்தது தம் எலும்பை. மருத்துவமனையில் நம்மைக் கேட்பதோ நம்முடையதை அன்று. நாம் நேசித்த ஒருவருடையதை. தியாகத்தைப் பற்றிய உபதேசம் அங்கே உதவாது. அவர் விருப்பம் என்ன என்பது தெரிந்திருந்தால் உதவும். பிரிட்டனில், இறந்தவரின் விருப்பம் தெரிந்த குடும்பங்களில் பத்துக்கு ஒன்பது சம்மதிப்பதாகவும், தெரியாத இடத்தில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுவதாகவும் அங்குள்ள உறுப்பு தான அமைப்பின் கணக்குகள் காட்டுகின்றன. இரு தரப்பினரும் ஒரே அளவு துக்கப்பட்டவர்களே.

நம் நாட்டு நிலை

மலேசியாவில் 2007ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பத்து பகாட்டைச் சேர்ந்த 14 வயதுச் சீனச் சிறுமி ஒருத்தி, செயற்கை இதயக் கருவியின் துணையோடு தேசிய இருதயக் கழகத்தில் காத்திருந்தாள். சாலை விபத்தில் மாண்ட 15 வயது மலாய்ச் சிறுவனின் இதயத்தை அவன் பெற்றோர் கொடுத்தனர். அவள் உடல் அதை ஏற்கவில்லை. 24 மணி நேரத்திற்குள் இன்னொரு குடும்பம் தன் பிள்ளையின் இதயத்தைக் கொடுத்தது, அது நிலைத்தது. நாடே அந்தச் செய்தியோடு விழித்திருந்தது. அந்த வாரங்களில் உறுப்பு தானத்திற்குப் பதிந்துகொண்டவர்கள் ஏராளம்.

பிறகு அந்த அலை அடங்கிவிட்டது. நம் நாட்டில் இறந்தபின் உறுப்பு கொடுப்போர் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூடப் பல ஆண்டுகளில் எட்டவில்லை. உலகில் முதலிடத்தில் நிற்கும் ஸ்பெயினில் அது 40க்கு மேல். இங்கே டயாலிசிஸ் சிகிச்சையில் இருப்போர் 50 ஆயிரத்துக்கும் அதிகம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் கருவியோடு கட்டுண்டு கிடப்பது எப்படிப்பட்ட வாழ்வு என்பதை நம்மவரிடம் விளக்கவேண்டியதில்லை. நீரிழிவு நம் இனத்தில் மற்ற இனத்தாரைவிட அதிகம். எந்தத் தாமானுக்குப் போனாலும் அந்தக் கட்டிலில் நம் முகம் ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் வேண்டிக் காத்திருப்பதில் முன்னால் நிற்கும் நாம், கொடுக்கும் பேச்சு வந்தால் அபசகுனம் என்று பேச்சை மாற்றுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுக்கள் சட்டப்படி, ஒருவர் தம் உறுப்புகளைக் கொடுக்க எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். இறுதி நோயின்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாயால் சொன்னாலும் போதும். அப்படி ஏதும் இல்லையென்றால், இறந்தவர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறாரா, நெருங்கிய உறவினர் மறுக்கிறார்களா என்று விசாரித்த பிறகு அனுமதி வழங்க வழியிருக்கிறது. ஆனால் நடைமுறையில், இறந்தவர் பதிந்திருந்தாலும் குடும்பத்தைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. குடும்பம் மறுத்தால் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். துக்கத்தில் இருப்போரோடு எந்த மருத்துவரும் சட்டம் பேசமாட்டார்; பேசுவதும் முறையன்று. கடைசியில் அட்டை தீர்மானிப்பதில்லை. வராந்தாவில் நிற்பவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

அந்த வராந்தாவில் நம்மவர் நிற்கும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். மற்ற நாட்டு நூல்களில் கணவன், மனைவி, பெற்றோர் என்று இருவரைப் பற்றி எழுதுகிறார்கள். நம் வீட்டில் இருபது பேர் வந்துவிடுவார்கள். பெரியப்பா, தாய்மாமன், பக்கத்து வீட்டுக்காரர், சங்கத் தலைவர் எல்லாரும் இருப்பார்கள். பெற்றவள் சுவரில் சாய்ந்து கிடப்பாள். குரல் உயர்த்திப் பேசுபவர் முடிவு செய்வார். அவருக்குத் துக்கம் குறைவு. ஆனால் பொறுப்பைத் தட்டிக் கழிக்க வேண்டாம் என்று சொல்வதே வசதி. "பையன் உடம்பைக் கூறு போடவா கொடுப்பது?" என்று அவர் ஒரு சொல் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு சம்மதம் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அர்ச்சுனனுக்காவது பக்கத்தில் கண்ணன் இருந்தான்.

ஸ்பெயின் இதை நன்கு புரிந்துகொண்ட நாடு. அங்கே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, மறுப்புத் தெரிவிக்காத எல்லாரும் கொடுப்பவர்களாகவே கருதப்படுவர். ஆனாலும் குடும்பத்தைக் கேட்காமல் அவர்களும் செய்வதில்லை. அவர்களுடைய வெற்றிக்குக் காரணம் சட்டத்தைவிட, 1989இல் தேசிய அமைப்பு ஒன்றை உருவாக்கி, துக்கத்தில் இருப்போரோடு பேசுவதற்கென்றே மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்றவர்களை வைத்ததுதான் என்பர். முதலில் சாவைச் சொல்கிறார்கள். அழ விடுகிறார்கள். குடும்பம் சாவை ஏற்றுக்கொண்டது என்று தெரிந்த பின்னரே தானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், உறுப்புக்காகத்தான் சாவு என்கிறார்களோ என்ற ஐயம் பிறக்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

வீட்டில் பேச வேண்டியது

நம்மவர் தயங்கும் காரணங்கள் எனக்குத் தெரிந்தவரை மூன்று. கண்ணை எடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்பது ஒன்று. உடலையே சட்டையாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும் உயிர் என்று காலங்காலமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எரித்துச் சாம்பலைக் கடலில் கரைக்கும்போது எந்தக் கண்ணைப் பத்திரப்படுத்துகிறோம்? இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உடல் சிதைந்துவிடும் என்பது இரண்டாவது. எடுத்தபின் மற்ற அறுவை சிகிச்சைகளில் செய்வதுபோலவே தைத்து, துடைத்து, ஆடையணிந்து தருகிறார்கள். முகம் பார்க்கலாம், எண்ணெய் வைக்கலாம், வாய்க்கரிசி போடலாம். சாலை விபத்தில் இறந்தவருக்குப் போலீஸ் உத்தரவின்பேரில் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை நடக்கத்தான் செய்கிறது. அதற்கு நம் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை என்பதையும் நினைவில் வைக்கலாம்.

மூன்றாவது காரணம், நேரம். இதுதான் உண்மையிலேயே சிரமம். சோதனைகள், குழுக்களின் வருகை, அறுவை எல்லாம் சேர்ந்து ஒரு நாள்கூட ஆகலாம். இதயத்தை எடுத்த பின் சுமார் நான்கு மணி நேரத்திற்குள் வைத்தாகவேண்டும் என்பதால் அவர்களும் அவசரப்படுவார்கள்; ஆனால் அவர்களுடைய அவசரம் வேறு, நம்முடையது வேறு. ஊரார் வந்து காத்திருக்க உடல் வீட்டுக்கு வராமல் இருப்பது பெரும் வேதனை. அந்த நேரத்தில் பெரியவர்கள் செய்யக்கூடிய உதவி, வருபவர்களிடம் காரணத்தைச் சொல்லிப் பந்தலில் அமர வைப்பதும், பெற்றவர்களைக் கைபேசியில் தொல்லை செய்யாமல் இருப்பதும்.

வீட்டில் எப்போது பேசுவது என்று கேட்பீர்கள். நல்ல நாளில் சாவைப் பேசக்கூடாது என்பார்கள். நம்மிடம் அதற்கென்றே நாள்கள் இருக்கின்றன. தாத்தா பாட்டிக்குத் திதி கொடுக்கும் நாளில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுகிறோம். படையல் முடிந்து சாப்பிட்ட பின் அரை மணி நேரம் போதும். வீட்டில் மூத்தவர் முதலில் தம்மைப் பற்றிச் சொல்லவேண்டும்; எனக்கு இப்படி நேர்ந்தால் இன்னது செய்யுங்கள் என்று. பெரியவர் தொடங்கினால் இளையவர்கள் கூச்சமின்றிச் சொல்வார்கள். பத்தாவது படிக்கும் பையன்கூடச் சொல்லட்டும். ஹிதேந்திரனுக்கு 15 வயதுதான். தாய்மாமனும் பெரியப்பாவும் உடனிருந்து கேட்பது நல்லது. வராந்தாவில் நிற்கப்போவது அவர்கள்தாமே.

சுகாதார அமைச்சின் பதிவை இப்போது மைசெஜாத்ரா செயலியிலேயே செய்துவிடலாம். பதிந்தவர் அன்றைக்கே வீட்டாரிடமும் சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் அந்த விருப்பம் கைபேசிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். கொடுக்க விருப்பமில்லாதவரும் அதே நாளில் அதைச் சொல்லிவிடலாம். அதுவும் பதில்தான், அவரைப் பெற்றவர்களுக்கு அந்தப் பதிலும் உதவும்.